இரும்பில் துளை போடுவது: பிட் தேர்விலிருந்து பிசிறு எடுப்பது வரை

புதிதாக டிரில் மிஷினைக் கையில் எடுப்பவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே காட்சிதான். விசையை முழுதாக அழுத்துகிறார்கள். பிட் உடைந்துவிடுமோ என்று பயந்து மெல்லத் தொடுகிறார்கள். கிறீச் என்று சத்தம், கொஞ்சம் புகை, நீலம் பாய்ந்த முனை. "இரும்பு ரொம்பக் கடினம், பிட் மட்டம்" என்ற தீர்ப்பு.

பிட் மட்டமாக இருக்கலாம். ஆனால் பத்தில் எட்டு முறை அது வெட்டவே இல்லை, தேய்த்துக்கொண்டு நின்றது. தேய்த்தால் சூடு வரும், சூடு வந்தால் கூர் போகும், கூர் போனால் இன்னும் தேயும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த வட்டத்துக்குள் மாட்டாமல் இருப்பதற்காகத்தான். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதை நம்பி நிற்கிறது.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

கண்ணைக் காக்கும் கண்ணாடி, சென்டர் பஞ்ச் (சுத்தியலால் தட்டிக் குழி போடும் கூர்முனைக் கம்பி), சுத்தியல், பொருளை இறுக்கிப் பிடிக்க கிளாம்ப் அல்லது வைஸ், கட்டிங் ஆயில், சீவலைத் தள்ள ஒரு பிரஷ், அடியில் வைக்க ஒரு மரத்துண்டு. துளை போடும் உலோகத்திலேயே ஒரு வெட்டுத்துண்டு கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள், முதல் துளையை அதில் போட்டுப் பார்க்கலாம்.

கையுறை வேண்டாம். இதைக் கேட்டுப் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். சுழலும் பிட்டில் துணி ஓர் இழை மாட்டினால் போதும், விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தொங்கும் சட்டைக்கை, கழுத்துத் துண்டு, அவிழ்ந்த முடி எல்லாவற்றுக்கும் இதே காரணம். கையுறையைச் சீவல் அள்ளும்போது போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் மிஷின் நின்ற பிறகு.

கை டிரில்லில் சுத்தியல் குறியிட்ட நிலை இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சுவருக்கான அந்த அடி, உலோகத்தில் பிட்டின் விளிம்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். சுவர் பிட்டையும் ஒதுக்கி வையுங்கள். அதன் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைடு துண்டு கல்லை நொறுக்குவதற்காக மழுங்கலாகத் தீட்டப்பட்டது, இரும்பைச் சீவாது.

2. எதிரே இருப்பது என்ன உலோகம்?

பிட்டையும் வேகத்தையும் உலோகம்தான் முடிவு செய்கிறது. அதனால் இது முதலில்.

காந்தம் நன்றாக ஒட்டி, துருவும் பிடித்திருந்தால் பெரும்பாலும் மைல்டு ஸ்டீல் (நாம் சாதாரணமாக இரும்பு என்று சொல்வது) அல்லது வார்ப்பிரும்பு. காந்தம் ஒட்டாமல் கனமாகப் பளபளத்தால் எவர்சில்வர் என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கலாம். லேசாக இருந்தால் அலுமினியம். காந்தத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டும் வகையும் உண்டு.

அடுத்து அரம். ஓரத்தில் ஒருமுறை அரத்தால் இழுங்கள். கடித்தால் சாதாரண பிட் வேலை செய்யும். கண்ணாடியில் இழுத்ததுபோல் வழுக்கினால் அது கடினப்படுத்திய எஃகு, வழக்கமான பிட்டுக்கு அடங்காது. கேஸ் வைத்து வெட்டிய ஓரங்களும் அந்தச் சூட்டில் கடினமாகியிருக்கலாம். தட்டின் நடுவில் எளிதாக இறங்கிய பிட் ஓரத்தில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. பிட்டைத் தேர்ந்தெடுப்பது

தண்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். எச்.எஸ்.எஸ். என்றால் ஹை ஸ்பீட் ஸ்டீல். மைல்டு ஸ்டீல், அலுமினியம், பித்தளை, வார்ப்பிரும்பு எல்லாவற்றுக்கும் இதுவே போதும். எந்தப் பொறிப்பும் இல்லாத பிட் வெறும் கார்பன் ஸ்டீலாக இருக்கலாம். அது 200 டிகிரியைத் தாண்டும்போதே இளகத் தொடங்கும், எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மரத்துக்கு வாங்கிய பிட் இரும்பில் அரை நிமிடத்தில் படுத்துவிடுவது இதனால்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு கோபால்ட் பிட் வாங்குங்கள். எம்35 என்று இருந்தால் 5 சதவீதம் கோபால்ட், எம்42 என்றால் 8 சதவீதம். கோபால்ட் உலோகத்தோடு கலந்தே இருப்பதால் தீட்டத் தீட்ட அதே குணம் இருக்கும். சூட்டைத் தாங்கும், ஆனால் எச்.எஸ்.எஸ்.ஸை விடக் கொஞ்சம் உடையும் தன்மை கொண்டது.

தங்க நிறப் பிட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். அது டைட்டேனியம் நைட்ரைடு என்ற மெல்லிய பூச்சு. நல்ல எச்.எஸ்.எஸ். மேல் பூசியிருந்தால் உராய்வைக் குறைத்து ஆயுளைக் கூட்டும். மட்டமான எஃகின் மேல் பூசியிருந்தால் மட்டமான பிட்டுக்குப் பட்டுச் சட்டை, அவ்வளவுதான். ஒருமுறை தீட்டினால் நுனியில் பூச்சு இருக்காது.

முழுக் கார்பைடு பிட் மிகக் கடினம், அதே அளவுக்கு நொறுங்கும். ஆடாத நிலை டிரில்லில் (மேசையிலோ தரையிலோ நிலையாக நிற்கும் டிரில் மிஷின்) மட்டும். கையில் பிடித்த மிஷினில் மணிக்கட்டு ஒரு டிகிரி சாய்ந்தாலே துண்டாகிவிடும்.

இனி முனையின் கோணம். பொதுவாகக் கிடைப்பவை 118 டிகிரியும் 135 டிகிரியும். பிட்டின் நுனியை நேராகப் பாருங்கள். இரண்டு வெட்டு விளிம்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு தெரியும். அந்த நடுக்கோடு வெட்டாது, உலோகத்தைப் பிதுக்கி ஒதுக்கும். நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பங்கை அதுதான் விழுங்குகிறது, தொடக்கத்தில் பிட் வழுக்கி ஓடுவதும் அதனால்தான். 135 டிகிரி பிட்களில் பெரும்பாலும் அந்தக் கோட்டை வெட்டிப் பிளந்து, நடுவிலும் கூர் கொடுத்திருப்பார்கள். ஆகவே அது நழுவாமல் இறங்கும். ஒரே ஒரு செட் வாங்குவதாக இருந்தால், பிளந்த முனையுள்ள 135 டிகிரி எச்.எஸ்.எஸ். செட்டையே சொல்வேன். தடித்த இரும்பிலும் நிலை டிரில்லிலும் 118 டிகிரிக்கு ஒரு குறையும் இல்லை, கையால் தீட்டவும் அதுவே எளிது.

4. அளவு: துளை எதற்கு?

போல்ட் சும்மா உள்ளே போய் வர வேண்டுமா, அல்லது துளைக்குள்ளேயே மரை வெட்டப் போகிறீர்களா? இரண்டுக்கும் அளவு வேறு. எம்6, அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்கு, 6 மி.மீ. துளையே போட்டுவிட்டுச் சுத்தியலால் தட்டி இறக்குபவரைப் பார்த்திருக்கிறேன்.

போல்ட் தாராளமாக நுழைய: எம்5க்கு 5.5, எம்6க்கு 6.6, எம்8க்கு 9, எம்10க்கு 11 மி.மீ.

டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டு மரை வெட்ட: எம்4க்கு 3.3, எம்5க்கு 4.2, எம்6க்கு 5, எம்8க்கு 6.8, எம்10க்கு 8.5 மி.மீ. இவை வழக்கமான மரைக்கு. கணக்கு மறந்துபோனால், போல்ட் விட்டத்திலிருந்து மரையின் இடைவெளியை, அதாவது ஒரு மரைச் சுற்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரத்தை, கழியுங்கள். எம்8ன் இடைவெளி 1.25, ஆக 6.75, அதற்கு நெருங்கிய பிட் 6.8.

5. வேகத்தைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. பிட் பெரிதாக ஆக ஆக அதன் வெளி ஓரம் ஒரு சுற்றில் ஓடும் தூரமும் கூடுகிறது. 10 மி.மீ. பிட்டின் ஓரம், அதே சுற்றில் 5 மி.மீ. பிட்டைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் உலோகத்தில் உரசும். எனவே பெரிய பிட்டுக்கு வேகம் குறைய வேண்டும்.

எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு: கீழே உள்ள எண்ணை மி.மீ. விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும்.

மைல்டு ஸ்டீல்: 8000
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: 4000
வார்ப்பிரும்பு: 6500
பித்தளை: 15000
அலுமினியம்: 20000

10 மி.மீ. பிட் என்றால் மைல்டு ஸ்டீலில் 800 சுற்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வெறும் 400, அலுமினியத்தில் 2000. துல்லியம் தேவையில்லை. ஆனால் 400 சுற்றில் ஓட வேண்டிய பிட்டை 2000ல் ஓட்டாமல் இருக்க இந்தக் கணக்கு போதும். சந்தேகம் வந்தால் குறைத்தே ஓட்டுங்கள். மெதுவாக ஓடினால் நேரம்தான் போகும், வேகமாக ஓடினால் பிட் போகும்.

கை டிரில்லில் சுற்று எண் தெரியாது. இரண்டு கியர் இருந்தால், 6 மி.மீ.க்கு மேல் இரும்பு, எந்த அளவானாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரண்டுக்கும் 1 என்று எழுதியிருக்கும் கியர். அதில் வேகம் குறையும், முறுக்கு கூடும்.

6. பொருளை இறுக்கிப் பிடித்தல்

கையால் பிடிக்காதீர்கள். சின்னத் துண்டுதானே என்று தோன்றும்போதுதான் ஆபத்து. பிட் கவ்வியதும் துண்டு அதனோடு சேர்ந்து சுழலும், அப்போது அது விசிறி இறக்கை வடிவக் கத்தி.

வைஸில் வையுங்கள், அல்லது குறைந்தது இரண்டு கிளாம்ப் போடுங்கள். ஒரே கிளாம்ப் என்றால் அதையே அச்சாக வைத்துப் பொருள் திரும்பும். அடியில் மரத்துண்டு வையுங்கள். பிட் வெளியேறும் பக்கத்தில் உலோகத்துக்குத் தாங்கல் கிடைக்கும், மேசையும் தப்பும்.

பிட்டைச் சக்கில் (மிஷினில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) மாட்டும்போது வழவழப்பான தண்டு மட்டும் பிடிபட வேண்டும், முறுக்குப் பள்ளம் உள்ளே போகக் கூடாது. சாவிச் சக் என்றால் மூன்று துளைகளிலும் சாவியைப் போட்டு இறுக்குங்கள். ஒன்றில் மட்டும் இறுக்கினால் பிட் வழுக்கித் தண்டில் கீறல் விழும், அப்புறம் அது என்றைக்கும் நேராக ஓடாது. சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தாதீர்கள். சாவியை விட்டுக் கை எடுக்கவே கூடாது என்று பழக்கிக்கொள்வதுதான் ஒரே வழி.

7. குறியும் பஞ்சும்

இரண்டு கோடுகள் குறுக்காகக் கீறி, அவை ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சென்டர் பஞ்சை வையுங்கள். முதலில் மெல்ல ஒரு தட்டு. சரியான இடம்தானா என்று பாருங்கள். விலகியிருந்தால் பஞ்சைச் சாய்த்து, போக வேண்டிய பக்கம் தட்டி நகர்த்தலாம். சரியானதும் ஓங்கி ஒரே அடி.

அந்தக் குழி பிட்டின் நடுக்கோட்டை விடப் பெரிதாக இருக்க வேண்டும். சின்னப் புள்ளி வைத்துவிட்டு 10 மி.மீ. பிட்டை வைத்தால், நடுக்கோடு புள்ளியின் மேல் பாலம்போல உட்காரும். குழி இருந்தும் இல்லாத கதை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மட்டும் பத்து முறை தட்டாதீர்கள். அடி வாங்கிய இடம் இறுகிக் கடினமாகும்.

8. வழித்துளை

6 மி.மீ. வரை, நல்ல பஞ்ச் குழியும் பிளந்த முனையும் இருந்தால் நேராகவே போடலாம். அதற்கு மேல் வழித்துளை, அதாவது முதலில் சின்ன பிட்டால் போடும் துளை, உதவும். அதன் வேலை, பெரிய பிட்டின் வெட்டாத நடுக்கோட்டுக்கு இடம் விடுவது. ஆகவே வழித்துளையின் அளவு அந்த நடுக்கோட்டின் நீளமோ அதற்குச் சற்றுக் கூடவோ இருந்தால் போதும். 10 மி.மீ. பிட்டுக்கு 3 மி.மீ. தாராளம்.

இங்கே ஒரு தவறு மிகப் பரவலானது. 3, 4, 5, 6, 7, 8 என்று படிப்படியாக ஏறுவது. பாதுகாப்பான வழி போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு பிட்டும் தன் விளிம்பின் வெளி மூலையால் மட்டும் அரை மி.மீ. சீவுகிறது. சூடாவதும் தேய்வதும் அந்த மூலைதான். நடுவில் தாங்கல் இல்லாததால் பிட் திருகாணி போலக் கவ்வி உள்ளே பாயவும் செய்யும். மிஷினுக்குச் சக்தி போதாவிட்டால் 3, 6, 10 என்று இரண்டு தாவலில் முடியுங்கள்.

9. துளையிடுதல்

எண்ணெய் ஒரு சொட்டு, பிட்டைக் குழியில் நிறுத்தி, மெல்லச் சுழற்றத் தொடங்குங்கள். கூம்பு அளவு உள்ளே போனதும் எடுத்துப் பாருங்கள், நடுவில்தான் இருக்கிறதா என்று. முழு விட்டம் இறங்கும் முன்புதான் திருத்த முடியும். அதற்குப் பிறகு பிட் துளையின் சொல்லைத்தான் கேட்கும்.

சரியாக இருந்தால் அழுத்துங்கள். தைரியமாக, நேர்கோட்டில், சீராக. சுருள் வருகிறதா என்று பாருங்கள். மைல்டு ஸ்டீலில் இரண்டு பள்ளங்களிலிருந்தும் ஒரே அளவில் சுருள் வந்தால் எல்லாம் சரி. தூள் வந்தால் தேய்க்கிறீர்கள்: அழுத்தம் போதாது, அல்லது பிட் மழுங்கிவிட்டது. வார்ப்பிரும்பும் பித்தளையும் மட்டும் இயல்பிலேயே பொடியாகவும் துணுக்காகவும் வரும். சுருள் நீலமாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அழுத்தத்தைக் குறைக்க வேண்டாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இந்தப் படி கறார். வெட்டாமல் ஒரு நொடி சுழன்றாலும் துளையின் அடிப்பகுதி இறுகிக் கண்ணாடி போலாகும். பிறகு எந்தப் பிட்டும் ஏறாது. தொட்டால் வெட்ட வேண்டும், வெட்டாவிட்டால் தூக்கிவிட வேண்டும். "மெதுவா, பொறுமையா" என்று மிருதுவாக அழுத்தி, ஒரே தட்டில் மூன்று பிட்களைக் கருக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அது நான்தான்.

பித்தளையில் சிக்கல் நேரெதிர். பிட் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அடிக்கடி பித்தளை வேலை இருந்தால், ஒரு பிட்டை ஒதுக்கி, வெட்டு விளிம்பின் கூரை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தட்டையாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பு நின்றுவிடும்.

ஆழம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால், அவ்வப்போது பிட்டை வெளியே எடுத்துச் சீவலைத் துடைத்து எண்ணெய் விட்டு மறுபடி இறக்குங்கள். பள்ளம் அடைத்துக்கொண்டால் சிறிய பிட்கள் முறியும்.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக: இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் கட்டிங் ஆயில். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் போன்ற இளக்கமான திரவம், ஏனெனில் அலுமினியம் விளிம்பில் அப்பிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் ஒன்றும் வேண்டாம். வார்ப்பிரும்பில் எண்ணெய் விட்டால் பொடியோடு குழைந்து அரைக்கும் சாந்தாகிவிடும்.

10. கடைசி ஒரு மில்லிமீட்டர்

மணிக்கட்டு சுளுக்குவதும் பிட் முறிவதும் இங்கே. நடுக்கோடு மறுபக்கம் வந்ததும் எதிர்ப்பு சட்டென்று மறைகிறது. நீங்கள் அதே அழுத்தத்தில் இருந்தால் பிட் ஒரே தாவாகத் தாவி, மிச்சமிருக்கும் மெல்லிய வளையத்தில் கொக்கி போல மாட்டும்.

சத்தம் மாறுவதைக் கேளுங்கள். மாறியதும் அழுத்தத்தைக் குறையுங்கள், சுழற்சியை நிறுத்த வேண்டாம். 8 மி.மீ.க்கு மேல் என்றால் பக்கக் கைப்பிடி கட்டாயம். மாட்டிக்கொண்டால் விசையை மறுபடி மறுபடி அழுத்தாமல் மிஷினை நிறுத்தி, மின்இணைப்பை எடுத்துவிட்டு, சக்கைக் கையால் பின்னோக்கித் திருப்பி விடுவியுங்கள்.

11. தகடு என்றால் வழி வேறு

118 டிகிரி பிட்டின் கூம்பு உயரம் அதன் விட்டத்தில் ஏறத்தாழ 0.3 பங்கு. 10 மி.மீ. பிட்டில் அது 3 மி.மீ. வரும். தகடு 1 மி.மீ. தான் என்றால், பிட்டின் முழு விட்டம் உலோகத்தைத் தொடும் முன்பே முனை அடியில் வெளியே வந்துவிடும். நடுவில் பிடிப்பில்லாமல் பிட் ஆடும், துளை முக்கோணமாகும், தகடு சுருட்டிக்கொண்டு மேலே ஏறும்.

இதற்குத்தான் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில். ஒரே பிட்டில் பல அளவு, துளை சுத்தமான வட்டம். ஒரு படியின் உயரத்தை விடத் தடித்த தகட்டில் மட்டும் போடாதீர்கள். ஸ்டெப் டிரில் இல்லையென்றால் தகட்டை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே இறுக்கி, பலகையோடு சேர்த்துத் துளையிடுங்கள்.

12. பிசிறு

வெளிப்பக்க ஓரம் சவர அலகு மாதிரி இருக்கும், விரலால் தடவிப் பார்க்காதீர்கள். துளையை விட இரண்டு மடங்கு பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து ஓரத்தில் இரண்டு மூன்று சுற்று திருப்பினால் போதும். பிசிறை விட்டுவைத்தால் வாஷர் சமமாக உட்காராது, போல்ட் நாளடைவில் தளரும்.

13. மழுங்கிய பிட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

118 டிகிரி பிட்டைச் சாணைக்கல்லில் கையால் தீட்டலாம். பிட்டைக் கல்லின் முகத்துக்கு 59 டிகிரி சாய்வில், வெட்டு விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்படி பிடியுங்கள். விளிம்பு கல்லைத் தொட்டதும் தண்டின் பின்பக்கத்தை மெல்லத் தாழ்த்துங்கள். மறுபக்கமும் அதே எண்ணிக்கையில், அதே அழுத்தத்தில்.

அந்தத் தாழ்த்தலில்தான் விஷயம். விளிம்புக்குப் பின்னால் உள்ள பரப்பு 8 முதல் 12 டிகிரி வரை சரிந்திருக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் பின்பரப்பு உலோகத்தில் உட்கார்ந்துகொள்ளும், விளிம்பு தொடவே தொடாது. தீட்டிய பிட் பளபளவென்று கூராகத் தெரிந்தும் துளி வெட்டவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

எச்.எஸ்.எஸ்.ஸை ஒரேயடியாகச் சூடாக்கிவிட்டுத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சூடேறும் முன்பே, ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும் முக்கி எடுங்கள்.

கோணம் பார்க்க அளவி இல்லையென்றால் இரண்டு அறுகோண நட்களைப் பக்கமும் பக்கமும் ஒட்டி வையுங்கள். நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி. பிட்டின் முனை அதில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் கோணம் சரி. அப்புறம் இரண்டு விளிம்புகளின் நீளம். ஒன்று நீண்டிருந்தால் முனை நடுவை விட்டு விலகும், துளை பிட்டை விடப் பெரிதாகும். அந்த வெட்டுத்துண்டில் ஒரு துளை போடுங்கள். ஒரு பள்ளத்திலிருந்து மட்டும் சுருள் வந்தால் மற்ற விளிம்பு வேலையே செய்யவில்லை என்று பொருள். நீண்ட பக்கத்தை இன்னும் ஒருமுறை கல்லில் வையுங்கள். இரண்டிலும் சுருள் வந்த பிறகு, பிட்டின் தண்டையே துளைக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மறுபடி சாணைக்கல்லுக்கு.